தானாக ஏறாத மாட்யூல்: கோளாறு எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடிப்பது எப்படி?

நேற்று வரை வேலை செய்த வைஃபை, கர்னலைப் புதுப்பித்ததும் காணாமல் போகிறது. என்ன செய்வதென்று தேடுபவருக்கு உடனே ஓர் ஆலோசனை கிடைக்கும்: மாட்ப்ரோப் கட்டளையை ஒருமுறை அடியுங்கள், கணினி தொடங்கும்போதெல்லாம் அது ஓடும்படி ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். அடித்தவுடன் வைஃபை வந்துவிடலாம். ஆனால் வைஃபை டிரைவர் அடங்கிய கர்னல் மாட்யூல் ஏன் தானாக ஏறவில்லை என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அடுத்த கர்னல் வந்ததும் கோளாறு திரும்புகிறது. இந்த முறை அந்தப் பழைய வரியும் உதவுவதில்லை.

லினக்ஸில் வன்பொருளுக்கான டிரைவர்களில் பெரும்பாலானவை பயனர் எதுவும் சொல்லாமலே ஏற வேண்டியவை. ஏறவில்லை என்றால், வழியில் ஏதோ ஒரு கட்டத்தில் தடை இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் சோதிக்க ஒரு கட்டளை உண்டு. அவற்றை வரிசை மாறாமல் அடித்துப் பார்த்தால் தடை இருக்கும் இடம் தெரிந்துவிடும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் எல்லாவற்றிலும் முறை ஒன்றுதான். மாறுபவை சில தொகுப்புகளின் பெயர்களும் ஓரிரு கட்டளைகளும் மட்டுமே.

கட்டளைகளைப் படிக்கும் முறை: இந்த அத்தியாயத்தில் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்புப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இங்கே இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் இடைவெளி விட்டு அடிக்கவும். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் அது தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நிர்வாகி உரிமை தேவைப்படும் கட்டளைகளுக்கு முன்னால் ‘சுடோ’ சேர்க்கவும்.

## கை வைக்கும் முன்: ஐந்து எச்சரிக்கைகள்

1. பழைய கர்னல் ஒன்றையாவது நீக்காமல் வைத்திருங்கள். புதியதில் கணினி தொடங்காவிட்டால், தொடக்க நிரலான கிரப்பின் பட்டியலிலிருந்து பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வரலாம்.
2. ‘/ஈடிசி/மாட்ப்ரோப்.டி’ அடைவு முழுவதையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். மாற்றங்களெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும்.
3. வட்டு, கோப்பு முறைமை ஆகியவற்றின் டிரைவர்களைச் சோதனைக்காகக்கூடத் தடைப் பட்டியலில் போடாதீர்கள். அடுத்த முறை கணினி தொடங்காது.
4. எஸ்எஸ்எச் வழியாக வெளியூர் சர்வரில் வேலை செய்யும்போது நெட்வொர்க் டிரைவரை இறக்கினால், இணைப்பு அந்த நொடியே அறும். இயந்திரத்தின் கன்சோலை அணுக வழி இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.
5. ‘ஆர்எம்மாட் -எஃப்’ என்று வலுக்கட்டாயமாக மாட்யூலை இறக்க வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் மாட்யூலைப் பிடுங்கினால் கர்னலே நிலைகுலையும்.

## தேவையான அளவு கோட்பாடு

யுஎஸ்பி கருவியைச் செருகியதிலிருந்து டிரைவர் ஏறும் வரை நடப்பவை ஐந்து:

1. கர்னல் கருவியைக் கண்டு, அதன் தயாரிப்பாளர் எண்ணையும் கருவி எண்ணையும் படிக்கிறது.
2. அந்த எண்களைக் கோத்து ‘மாட்அலியாஸ்’ என்ற அடையாள வரியை உருவாக்கி, கருவிகளை நிர்வகிக்கும் பின்னணிச் சேவையான யுடெவுக்கு அறிவிக்கிறது.
3. யுடெவ் அந்த வரியை ‘மாட்யூல்ஸ்.அலியாஸ்’ அட்டவணையில் தேடி, பொருத்தமான மாட்யூலின் பெயரைப் பெறுகிறது. கர்னல் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை உண்டு. அதை எழுதுவது டெப்மாட் என்ற கட்டளை.
4. தடைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது.
5. கர்னல் மாட்யூலின் பதிப்பையும் கையொப்பத்தையும் சோதித்து ஏற்றுக்கொள்கிறது. பிறகு மாட்யூல் கருவியோடு இணைகிறது. சில கருவிகளுக்கு இந்தக் கட்டத்தில் ஃபர்ம்வேர் கோப்பும் வேண்டும்.

இதற்கு மேல் கோட்பாடு தேவையில்லை.

## சோதனை: வரிசையாக ஏழு படிகள்

படி 1. மாட்யூல் உண்மையிலேயே ஏறவில்லையா?

‘எல்எஸ்மாட்’ தரும் பட்டியலில் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. டிரைவர் கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் அது எல்எஸ்மாடில் வராது. ‘மாட்இன்ஃபோ’ என்று அடித்து, பக்கத்தில் மாட்யூல் பெயரைக் கொடுங்கள். கோப்புப் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘பில்ட்இன்’ என்று வந்தால், அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கோளாறு வேறெங்கோ.

பெயரில் சிறுகோடு வந்தாலும் அடிக்கோடு வந்தாலும் மாட்ப்ரோப்புக்கு இரண்டும் ஒன்றுதான். எல்எஸ்மாட் எப்போதும் அடிக்கோட்டையே காட்டும். தேடும்போது இதை நினைவில் வைக்கவும்.

படி 2. கர்னலுக்குக் கருவி தெரிகிறதா?

பிசிஐ கருவிகளுக்கு ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’, யுஎஸ்பி கருவிகளுக்கு ‘எல்எஸ்யுஎஸ்பி’. பட்டியலில் கருவியே இல்லையென்றால் மாட்யூலைத் தேடிப் பயனில்லை. கேபிள், யுஎஸ்பி ஹப், மின்சாரம், பயாஸ் அமைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எல்எஸ்பிசிஐ ஒவ்வொரு கருவிக்கும் கீழே இரண்டு வரிகள் தரும். ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்பது இப்போது இணைந்திருக்கும் டிரைவர். ‘கர்னல் மாட்யூல்ஸ்’ என்பது இணையத் தகுதியுள்ளவை. முதல் வரி இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால், மாட்யூல் வட்டில் இருக்கிறது, ஏறவோ இணையவோ முடியவில்லை: படி 5-க்குப் போகலாம். இரண்டுமே இல்லையென்றால் அட்டவணையில் பெயரே இல்லை: படி 3. யுஎஸ்பிக்கு ‘எல்எஸ்யுஎஸ்பி -டி’ இணைந்திருக்கும் டிரைவரைக் காட்டும்.

படி 3. ஓடும் கர்னலும் வட்டில் உள்ள மாட்யூல்களும் ஒரே பதிப்பா?

‘யுநேம் -ஆர்’ தரும் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘/லிப்/மாட்யூல்ஸ்’ அடைவுக்குள் அதே பெயரில் ஓர் அடைவு இருக்க வேண்டும்.

ஆர்ச் பயனர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. கர்னல் தொகுப்பைப் புதுப்பித்தவுடன் பழைய மாட்யூல் அடைவு நீக்கப்படுகிறது. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கர்னல். ஏற்கெனவே ஏறிய டிரைவர்கள் வேலை செய்யும். புதிதாகச் செருகும் பென் டிரைவ் மட்டும் திறக்காது. மருந்து ஒன்றுதான்: ரீபூட்.

உபுண்டுவின் பல வெளியீடுகளில் இன்னொரு காரணம் உண்டு. குறைவாகப் பயன்படும் டிரைவர்கள் ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ என்ற தனித் தொகுப்பில் இருக்கும். கிளவுட், மெய்நிகர் இயந்திரங்களுக்கான குறுகிய நிறுவல்களில் அது வருவதில்லை. யுநேம் காட்டிய அதே பதிப்பு எண்ணோடு சேர்த்து அதை நிறுவ வேண்டும்.

படி 4. அடையாள வரிக்கு அட்டவணையில் விடை இருக்கிறதா?

‘/சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்’ அல்லது ‘/சிஸ்/பஸ்/யுஎஸ்பி/டிவைசஸ்’ அடைவுக்குள் கருவிக்குரிய உள்ளடைவில் ‘மாட்அலியாஸ்’ என்ற கோப்பு இருக்கும். ‘கேட்’ கட்டளையால் அதைப் படித்து, கிடைக்கும் நீண்ட வரியை அப்படியே நகலெடுங்கள். பிறகு ‘மாட்ப்ரோப் -ஆர்’ என்று அடித்து, பக்கத்தில் அந்த வரியை ஒட்டுங்கள். இங்கே ஆர் பெரிய எழுத்து. சிறிய எழுத்தில் அடித்தால் மாட்யூலை இறக்கும் கட்டளையாகிவிடும்.

பெயர் வந்தால் அட்டவணை சரி. பெயர் வராவிட்டால் முதலில் ‘சுடோ டெப்மாட் -ஏ’ அடித்து அட்டவணையைப் புதிதாக எழுதச் செய்து மீண்டும் பாருங்கள். மாட்யூல் கோப்பைக் கையால் நகலெடுத்து வைத்தவர்கள் மறப்பது பெரும்பாலும் இந்தக் கட்டளையைத்தான். அதன் பிறகும் வரவில்லையென்றால், இந்தக் கர்னலில் உள்ள எந்த மாட்யூலும் அந்தக் கருவியின் எண்ணை அறியவில்லை.

படி 5. யாராவது தடுத்திருக்கிறார்களா?

‘மாட்ப்ரோப் -சி’ எல்லா அமைப்புக் கோப்புகளையும் சேர்த்துக் காட்டும். அதை ‘கிரெப்’ வழியே வடிகட்டி, மாட்யூல் பெயர் ‘பிளாக்லிஸ்ட்’ அல்லது ‘இன்ஸ்டால்’ என்று தொடங்கும் வரியில் வருகிறதா என்று பாருங்கள். ‘/ப்ராக்/சிஎம்டிலைன்’ கோப்பையும் படியுங்கள். கர்னலுக்குக் கொடுக்கப்பட்ட தொடக்க அளவுருக்களில் ‘மாட்யூல்_பிளாக்லிஸ்ட்’ அல்லது ‘மாட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட்’ ஒளிந்திருக்கலாம்.

படி 6. கையால் ஏற்றி, பதிவேட்டைப் படியுங்கள்

‘சுடோ மாட்ப்ரோப் -வி’ என்று அடித்து மாட்யூல் பெயரைக் கொடுங்கள். உடனே ‘சுடோ ஜர்னல்சிடிஎல் -கே -பி’ அடித்துக் கடைசி வரிகளைப் பாருங்கள். டெர்மினலில் வரும் பிழை ஒற்றை வரிதான். முழுக் காரணம் கர்னல் பதிவேட்டில் இருக்கும்.

படி 7. யுடெவ் விழித்திருக்கிறதா?

கையால் ஏற்றினால் ஏறுகிறது, தடையும் இல்லை, ஆனால் தானாக ஏறவில்லை என்றால் ‘யுடெவ்ஏடிஎம் மானிட்டர் --ப்ராப்பர்ட்டி’ ஓடவிட்டுக் கருவியைப் பிடுங்கிச் செருகுங்கள். மாட்அலியாஸ் வரியோடு நிகழ்வு வர வேண்டும். வந்தும் பயனில்லையென்றால் ‘/ஈடிசி/யுடெவ்/ரூல்ஸ்.டி’ அடைவில் ‘80-டிரைவர்ஸ்.ரூல்ஸ்’ என்ற பெயரில் ஏதாவது கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கி ஏற்றத்துக்கான விதி அந்தப் பெயரிலுள்ள அமைப்புக் கோப்பில்தான் இருக்கிறது. ஈடிசி-யில் அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு இருந்தாலும் அசல் விதி செயலிழக்கும்.

## பிழைச் செய்திகளின் பொருள்

‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’: கோப்பு இல்லை, பெயரில் எழுத்துப்பிழை, அல்லது படி 3-இல் சொன்ன பதிப்பு முரண்.

‘இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்’: மாட்யூல் வேறு கர்னலுக்காகக் கட்டப்பட்டது. ‘வெர்ஷன் மேஜிக்’ என்ற சொற்களோடு இரு பதிப்புகளும் பதிவேட்டில் இருக்கும். கர்னலுக்கு வெளியே உள்ள டிரைவர் என்றால், அத்தகையவற்றை ஒவ்வொரு கர்னலுக்கும் ஏற்பக் கட்டும் டிகேஎம்எஸ்-இடம் கேளுங்கள்: ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ அடித்து, ஓடும் கர்னலுக்கு அது நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பதிப்புக்கான ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்’ தொகுப்பு விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

‘அன்நோன் சிம்பல்’: அது சார்ந்திருக்கும் மற்றொரு மாட்யூல் ஏறவில்லை, அல்லது பதிப்பு பொருந்தவில்லை. ‘இன்ஸ்மாட்’ சார்புகளைத் தேடாது. மாட்ப்ரோப் தேடும். எனவே மாட்ப்ரோப்பையே பயன்படுத்துங்கள்.

‘நோ சச் டிவைஸ்’: மாட்யூல் நலம், அது தேடிய வன்பொருள் இல்லை. ஏஎம்டி செயலியுள்ள கணினியில் வெப்பநிலை பார்க்க ‘கோர்டெம்ப்’ ஏற்றினால் இந்தச் செய்தி வரும். கோர்டெம்ப் இன்டெல் செயலிகளுக்கானது. ஏஎம்டிக்கு வேண்டியது ‘கே10டெம்ப்’.

‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’: செக்யூர் பூட் கையொப்பத்தை ஏற்கவில்லை. கீழே தனியாகப் பார்க்கலாம்.

‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’: சுடோ போட்டும் இது வந்தால் ‘/ப்ராக்/சிஸ்/கர்னல்/மாட்யூல்ஸ்_டிஸேபிள்ட்’ கோப்பைப் படியுங்கள். அதில் 1 இருந்தால், பாதுகாப்புக்காக மாட்யூல் ஏற்றமே மூடப்பட்டிருக்கிறது. ரீபூட் செய்யாமல் அதைத் திறக்க முடியாது. யார், ஏன் மூடினார்கள் என்று நிர்வாகியிடம் கேட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

பிழையே இல்லை, கருவி மட்டும் வேலை செய்யவில்லை: பதிவேட்டில் ‘ஃபர்ம்வேர்’ என்று தேடுங்கள். மாட்யூல் ஏறியும் ஃபர்ம்வேர் கிடைக்காத நிலை வைஃபை அட்டைகளில் சகஜம். டெபியன் 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்துதான் இத்தகைய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே தருகிறது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தியவர்கள் ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ பகுதியைத் தங்கள் மூலப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

## தடைப் பட்டியலின் பொறிகள்

பிளாக்லிஸ்ட் என்றதும் முழுத் தடை என்று எண்ணிவிடுவது இயல்பு. அது செய்வது ஒன்றுதான்: மாட்யூலுக்குள் எழுதப்பட்ட கருவி அடையாளங்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. பெயர் சொல்லிக் கையால் ஏற்றினால் அந்த மாட்யூல் ஏறும். வேறொரு மாட்யூலுக்குச் சார்பாகத் தேவைப்பட்டாலும் ஏறும். முற்றிலும் தடுக்க வேண்டுமானால் ‘இன்ஸ்டால்’ என்று எழுதி, மாட்யூல் பெயரையும் ‘/பின்/ஃபால்ஸ்’ என்பதையும் அதே வரியில் சேர்க்க வேண்டும்.

பிராட்காம் வைஃபை அட்டைகளில் இதன் விளைவை நன்றாகப் பார்க்கலாம். ‘டபிள்யுஎல்’ டிரைவரைத் தரும் தொகுப்பு, போட்டி டிரைவர்களான ‘பி43’, ‘பிசிஎம்ஏ’, ‘எஸ்எஸ்பி’ ஆகியவற்றைத் தடைப் பட்டியலில் சேர்க்கும். டபிள்யுஎல் வேலை செய்யும் வரை சிக்கல் இல்லை. புதிய கர்னலுக்கு அது கட்டப்படாமல் போனால் டபிள்யுஎல்லும் இல்லை, பி43-யும் தடையில். வைஃபை முழுவதும் போய்விடும். என்விடியா டிரைவரை நீக்கிய பிறகும் ‘நௌவோ’வுக்குப் போட்ட தடை அப்படியே கிடப்பது இதே வகைக் கோளாறு.

கவனிக்க வேண்டிய இன்னும் மூன்று:

1. கோப்புப் பெயர் ‘.கான்ஃப்’ என்று முடிய வேண்டும். வேறு முடிவுள்ள கோப்புகளை மாட்ப்ரோப் படிப்பதில்லை.
2. தொடக்க நினைவக வட்டான இனிட்ராம்எஃப்எஸ்-க்குள் அமைப்புக் கோப்புகளின் நகல் இருக்கும். தடையைப் போட்டாலும் எடுத்தாலும் அதைப் புதுப்பியுங்கள். டெபியன், உபுண்டுவில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’. ஃபெடோராவில் ‘டிராகட் -எஃப்’. ஆர்ச்சில் ‘எம்கேஇனிட்சிபிஐஓ -பி’. கடைசிக் கட்டளையில் பி பெரிய எழுத்து.
3. தடையைப் பயனர் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் ‘கர்னல்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ தொகுப்பை நிறுவினால் ‘எஸ்சிடிபி’ மாட்யூல் கிடைக்கும். அதே தொகுப்பு அதற்கொரு தடைக் கோப்பையும் வைக்கிறது. அந்த வரியின் முன்னால் # குறி போட்டால்தான் அது தானாக ஏறும்.

## செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில்

1. ‘மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்’ அடியுங்கள். ‘எனேபிள்ட்’ என்று வந்தால் கையொப்பமில்லாத மாட்யூல்களைக் கர்னல் பொதுவாக மறுக்கும்.
2. டிகேஎம்எஸ் கட்டும் மாட்யூல்களுக்கு அதுவே ஒரு சாவியால் கையொப்பமிடும். அந்தச் சாவியின் சான்றிதழ்க் கோப்பை ‘மோக்யூட்டில் --இம்போர்ட்’ கட்டளையால் பதிவுக்கு அனுப்புங்கள். ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும்.
3. ரீபூட் செய்யுங்கள். லினக்ஸ் தொடங்குவதற்கு முன் வரும் நீலத் திரையில் ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

அந்தத் திரையைக் கவனிக்காமல் விட்டால் பதிவு நடக்காது. மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது சுலபமான வழியாகத் தோன்றலாம். சாவியைப் பதிவதற்கு ஆகும் சில நிமிடங்களைச் செலவிட்டால் அந்தப் பாதுகாப்பை இழக்க வேண்டியதில்லை.

## பெயரைக் கோப்பில் எழுதுவது எப்போது சரி?

சில மாட்யூல்களுக்கு அடையாளம் காட்ட வன்பொருள் எண் எதுவும் கிடையாது. அவை தானாக ஏறாதது கோளாறில்லை. ‘/ஈடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி’ அடைவில் ‘.கான்ஃப்’ என்று முடியும் ஒரு கோப்பில், வரிக்கு ஒன்றாக அவற்றின் பெயர்களை எழுத வேண்டும். மூன்று எடுத்துக்காட்டுகள்:

- ஐ2சி-டெவ்: ராஸ்பெரி பை போன்ற பலகைகளில் சென்சார்களோடு பேச வேண்டியது. ராஸ்பி-கான்ஃபிக் வழியாக ஐ2சி-யை இயக்கினால் அதுவே எழுதிக்கொள்ளும்.
- பிஆர்_நெட்ஃபில்டர்: குபெர்னெடிஸ் கணுக்களில் வேண்டியது. இது ஏறாமல் இருந்தால் பிரிட்ஜ் தொடர்பான சிஸ்சிடிஎல் அமைப்புகள், கோப்பு இல்லை என்று பிழை தரும்.
- என்சிடி6775: பல மதர்போர்டுகளின் விசிறி, வெப்பநிலை சென்சார் சில்லு. ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ ஓடினால் எது தேவை என்று சொல்லும்.

எழுதிய பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் சிஸ்டம்டி-மாட்யூல்ஸ்-லோட்’ பாருங்கள். இந்தச் சேவையும் தடைப் பட்டியலுக்குக் கட்டுப்படும். இங்கே எழுதி அங்கே தடுத்திருந்தால் மாட்யூல் ஏறாது.

## மாட்யூல் ஏறியும் கருவி கிடைக்காதபோது

விலை குறைந்த ஆர்டுயினோ பலகைகளில் சிஎச்340 என்ற சில்லு இருக்கும். அதன் எண் 1ஏ86:7523, மாட்யூல் ‘சிஎச்341’. உபுண்டு 22.04-இல் இதைச் செருகியவர்கள் பலருக்கு ‘டிடிஒய்யுஎஸ்பி0’ என்ற கருவிக் கோப்பு (யுஎஸ்பி பெரிய எழுத்து) தோன்றி உடனே மறைந்தது. மாட்யூல் ஒழுங்காகத்தான் ஏறியது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைக் கருவிகளை இயக்கும் ‘பிஆர்எல்டிடிஒய்’ மென்பொருள் அதே எண்ணைத் தன் கருவி என்று கருதி எடுத்துக்கொண்டது. பதிவேட்டில் அதன் பெயர் தெளிவாக இருக்கும்.

பிரெய்ல் கருவி பயன்படுத்துவோர் யாரும் இல்லாத கணினியில் அந்தத் தொகுப்பை நீக்கலாம். பலர் பகிர்ந்துகொள்ளும் கணினியில் அது யாருக்கோ கண்ணாக இருக்கக்கூடும். அங்கே அதன் யுடெவ் விதிக் கோப்பை ‘/ஈடிசி/யுடெவ்/ரூல்ஸ்.டி’ அடைவுக்கு நகலெடுத்து, இந்த ஓர் எண்ணுக்கான வரியை மட்டும் முடக்குங்கள்.

## கணினி தொடங்காமல் போனால்

1. கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ சென்று பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள்.
2. அதுவும் நின்றால், கிரப்பில் ‘ஈ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் ‘மாட்யூல்_பிளாக்லிஸ்ட்=’ சேர்த்து, தொல்லை தரும் மாட்யூலின் பெயரை எழுதுங்கள். கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் தொடங்கும். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே.
3. உள்ளே வந்ததும் கடைசியாக மாற்றிய கோப்பைப் பழைய நகலால் மாற்றி, இனிட்ராம்எஃப்எஸ்-ஐப் புதுப்பித்து, மீண்டும் தொடங்குங்கள்.

## வேலை முடிந்ததா?

ரீபூட் செய்து, எதையும் கையால் அடிக்காமல் கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள். சோதனைக்காகப் போட்ட வரிகளை நீக்குங்கள். விட்டு வைக்கும் ஒவ்வொரு வரிக்கும் மேலே, # குறியோடு தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு அது உதவும்.

ஏழு படிகளுக்குப் பிறகும் தீராவிட்டால் உதவி கேட்கலாம். யுநேம் தந்த பதிப்பு, எல்எஸ்பிசிஐ அல்லது எல்எஸ்யுஎஸ்பி வரி, மாட்அலியாஸ், மாட்ப்ரோப் தந்த பிழை, கர்னல் பதிவேட்டின் கடைசிப் பகுதி ஆகிய ஐந்தையும் சேர்த்து அனுப்புங்கள். படி 4-இல் கருவியின் எண்ணை எந்த மாட்யூலும் அறியவில்லை என்று தெரிந்தால், பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கலின் பிழைப் பதிவகத்தில் அதைத் தெரிவியுங்கள். ஏற்கெனவே உள்ள டிரைவருக்குப் புதிய கருவி எண்ணைச் சேர்ப்பது கர்னலில் பெரும்பாலும் ஒற்றை வரி மாற்றம்தான். அந்த வரி சேர்ந்துவிட்டால், அதே கருவியை அடுத்து வாங்குபவருக்கு மாட்யூல் தானாக ஏறும்.